ஈறு சொல்லும் தோட்ட வரலாறு

நெகிரி செம்பிலான் இரப்பர்த் தோட்ட லயங்களில் வளர்ந்தோர்க்கு இக்காட்சி நினைவிருக்கும். ஒரே குழாயடியில் கரியாலும் சாம்பலாலும் பல் துலக்கியோருள் ஒருவர் நாற்பது வயதிலேயே பொக்கை வாயராகியிருப்பார். மற்றவரோ எழுபதிலும் முறுக்கைக் கடித்துண்பார். "அவரவர் தலையெழுத்து" என்பர் பெரியோர். இவ்வேறுபாட்டை உலகம் அறியக் காரணமானோர் நம்மைப் போன்ற தோட்டத் தமிழரே என்பது பலர் அறியாத வரலாறு.

1965ஆம் ஆண்டில் ஹரால்ட் லோ எனும் நார்வே நாட்டு அறிஞர், தம் குழுவினருடன் பன்னிருவரைப் பல் துலக்காதிருக்கச் செய்தார். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவர்க்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மீண்டும் துலக்கியதும் நலமாயிற்று. பல்லில் படியும் நுண்ணுயிர்ப் படலமே ஈற்றழற்சிக்குக் காரணம் என்பது உறுதியாயிற்று.

அவ்வழற்சியைப் பல்லாண்டு அப்படியே விட்டால் என்னவாகும்? இதற்கு விடை கிடைத்த இடம் இலங்கை மலைநாடு. தமிழகத்திலிருந்து நம் முன்னோர் மலாயாவுக்குப் பால்மரம் சீவ வந்த அதே காலத்தில், அவர்தம் உறவினர் தேயிலை பறிக்கச் சென்ற மண் அது. 1970இல் அங்கு இரு தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளரை லோ குழுவினர் ஆராயத் தொடங்கினர். பல் துலக்கும் பழக்கமோ பல்நோய்த் தடுப்புத் திட்டமோ அவர்களை எட்டியதில்லை. 1985 வரை நீடித்த அவ்வாய்வின் முடிவு வியப்பளித்தது. ஏறத்தாழ எல்லாருக்கும் ஈற்றழற்சி இருந்தது. ஆயினும் 8 விழுக்காட்டினர்க்கு மட்டும் நோய் விரைந்து முற்றிற்று. 81 விழுக்காட்டினர்க்கு மெல்லப் பரவிற்று. 11 விழுக்காட்டினர்க்கு ஈற்றழற்சிக்கு அப்பால் செல்லவேயில்லை.

அழுக்கு ஒன்றே, அழிவு வேறு. ஏன்? விடையின் பெரும்பகுதி உடலின் காவற்படையில் இருக்கின்றது. நுண்ணுயிர் சேர்ந்ததும் நியூட்ரோபில் எனும் வெள்ளையணுக்கள் ஈற்றுக்கு விரைந்து அவற்றை விழுங்குகின்றன. இவை பிறவியிலேயே குறைந்த குழந்தைகள் இளமையிலேயே பற்களை இழக்கின்றனர். ஆனால் போர் ஓயாது நீளுமாயின், இவை கக்கும் நொதிகள் ஈற்றுத் தசைநாரையும் அரிக்கின்றன. பின்னர்த் திரளும் டி, பி அணுக்கள் விடுக்கும் குறிப்புகள் எலும்பை அரிக்கும் அணுக்களைத் தூண்டுகின்றன. தாங்கிய எலும்பு கரையப் பல் ஆடுகின்றது. காவலர் சண்டையில் வீடு இடிவது போன்றதே இது. அப்படையின் இயல்பு மரபாலும் புகைப்பழக்கம், நீரிழிவு முதலியவற்றாலும் ஆளுக்கு ஆள் மாறுபடும்.

2010இல் அத்தொழிலாளருள் 75 பேரை மீண்டும் ஆராய்ந்தனர். நாற்பதாண்டுக் கால அறிவை உலகிற்கு ஈந்த அம்மனிதர்கள், ஆய்வேடுகளில் எண்களாக மட்டுமே நிற்கின்றனர். உலகெங்கும் பல் மருத்துவ மாணவர் அவ்வெண்களைப் பயில்கின்றனர்; அவ்வாய்களுக்கு உரியோர் யாரென்று நாமேனும் நினைக்க வேண்டாமா?

பள்ளிக்குப் பல் மருத்துவக் குழு வருங்கால் ஓடி ஒளியும் மாணவர்க்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். துலக்கும்போது ஈற்றில் குருதி கசிந்தால் அது தலையெழுத்தன்று; காவற்படை விடுக்கும் அழைப்பு. அவர்களுக்குக் கிட்டாத மருத்துவம் நமக்கு வாசலுக்கே வருகின்றது.