பாலோஸ் முதல் ஓமலூர் வரை: பின்சோனின் கடற்பயணங்களும் மரவள்ளியின் நெடுவழியும்

சேலத்திலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓமலூரைத் தாண்டினால் செம்மண் காடுகளில் மரவள்ளி நிற்பதைப் பார்க்கலாம். உள்ளூரில் அதற்குக் குச்சிக்கிழங்கு என்றும் பெயர். மழையை நம்பிய நிலத்திலும் தாக்குப்பிடித்து, பத்து மாதம் போல் நின்று விளைந்து, லாரி ஏறி சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குப் போகும் பயிர் இது. இதன் பூர்விகம் தென் அமெரிக்காவின் அமேசான் படுகை. அது இங்கு வந்த கதையைப் பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடும்: ஸ்பானியர் கண்டார்கள், போர்த்துக்கீசியர் கொண்டுவந்தார்கள். மரவள்ளியின் தாயகக் கரையை ஸ்பானிய மாலுமி ஒருவர் தொட்டது 1500இல்; சேலத்தில் அது ஆலைப் பயிரானது 1943இல். இடைப்பட்ட 443 ஆண்டுகளில் இந்தப் பயிரின் வேகத்தைத் தீர்மானித்தவை எவை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பின்சோனின் பயணங்கள்

ஸ்பெயினின் தென்மேற்குக் கரையில் உள்ள பாலோஸ், மாலுமிக் குடும்பங்களின் ஊர். அவற்றுள் முதன்மையானது பின்சோன் குடும்பம். 1492 ஆகஸ்ட் 3 அன்று கொலம்பஸ் அங்கிருந்து புறப்பட்டபோது, மூன்று கப்பல்களில் பின்தாவை மூத்தவர் மார்த்தின் அலோன்சோ பின்சோனும், நீன்யாவை இளையவர் விசென்டே யான்யெஸ் பின்சோனும் செலுத்தினர். அக்டோபர் 12 அன்று கரை தெரிந்தது. டிசம்பர் 24 இரவு தலைமைக் கப்பலான சாந்தா மரியா ஹிஸ்பானியோலாத் தீவின் கரையருகே தரைதட்டி உடைந்ததால், கொலம்பஸ் ஊர் திரும்பியது நீன்யாவில்தான்.

விசென்டே தம் சொந்தப் பொறுப்பில் கிளம்பியது 1499 நவம்பரில். பாலோஸிலிருந்து நான்கு கேரவல் கப்பல்கள் புறப்பட்டன. தெற்கே போகப்போகத் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிட்டது. வடபுலத்து மாலுமிகளுக்கு இரவில் திசை காட்டி வந்ததே அந்த விண்மீன்தான். ஆயினும் கப்பல்கள் திரும்பவில்லை. 1500 ஜனவரியில் இன்றைய பிரேசிலின் கரை தென்பட்டது. தொட்ட முனை பெர்னாம்புகோ பகுதியைச் சேர்ந்ததா, சியாராவைச் சேர்ந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் போர்த்துக்கீசியரான கப்ரால் ஏப்ரல் 22 அன்று பிரேசிலில் கால்வைப்பதற்கு முன்பே பின்சோன் அங்கு வந்துபோனார் என்பது பரவலாக ஏற்கப்படுகிறது.

கரையை ஒட்டி வடமேற்கே செல்கையில், கரை கண்ணுக்கு எட்டாத தொலைவிலும் கடல்நீர் உப்புக் கரிக்கவில்லை. மாலுமிகள் பீப்பாய்களை அதிலேயே நிரப்பிக்கொண்டனர். நன்னீர்க் கடல் என்று பின்சோன் பெயரிட்ட அந்த இடம் அமேசானின் முகத்துவாரம். திரும்பும் வழியில் புயலில் இரண்டு கப்பல்கள் போயின. எஞ்சியவை 1500 செப்டம்பர் இறுதியில் பாலோஸ் சேர்ந்தன. மறு ஆண்டு ஸ்பானிய அரசு அந்தக் கரைக்கு அவரையே ஆளுநராக்கி உரிமை எழுதிக் கொடுத்தும் குடியேற்றம் நடக்கவில்லை. 1494இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் செய்துகொண்ட தோர்தெசில்லாஸ் உடன்படிக்கை, வெர்தே முனைத் தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தொலைவில் கடலில் ஒரு கோடு கிழித்திருந்தது. பின்சோன் முதலில் கண்ட கிழக்குக் கரை அந்தக் கோட்டின் போர்த்துக்கீசியப் பக்கத்தில் விழுந்தது. மரவள்ளி இந்தியாவுக்கு ஸ்பானியக் கப்பலில் வராமல் போனதற்கு முதல் காரணம் இந்த உடன்படிக்கை.

கப்பல் சோறு

1492 டிசம்பரில் ஹிஸ்பானியோலாவின் தாயினோ மக்கள் கொடுத்த கிழங்கு ரொட்டியைப் பற்றிக் கொலம்பஸின் நாட்குறிப்பு பேசுகிறது. லாஸ் காஸாஸ் பாதிரியார் எழுதிவைத்த சுருக்கமாகவே அக்குறிப்பு இன்று நமக்குக் கிடைக்கிறது. தாயினோ பயிரிட்ட கசப்பு மரவள்ளியில் சயனைடாக மாறக்கூடிய நஞ்சு உண்டு. கிழங்கைக் கற்கள் பதித்த பலகையில் தேய்த்துத் துருவி, பின்னல் பையில் அடைத்துச் சாற்றைப் பிழிந்து, எஞ்சிய மாவை மண்தட்டில் அடையாகச் சுட்டார்கள். அந்த அடை மாதக்கணக்கில் கெடாது.

வெப்பத் தீவுகளில் கோதுமை விளையாமல் திண்டாடிய ஸ்பானியருக்கு இது உயிர்காத்த உணவு. 1519இல் கியூபாவிலிருந்து மெக்சிகோவுக்குக் கிளம்பிய கோர்தேசின் கப்பல்களிலும் மரவள்ளி ரொட்டி ஏற்றப்பட்டது. அதை உருவாக்கிய தாயினோ மக்களோ கட்டாய உழைப்பாலும் புதிய நோய்களாலும் சில பத்தாண்டுகளில் பெருமளவு அழிந்துபோனார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து மரவள்ளியை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குக் கொண்டுபோனபோது, அதன் மாவு அடிமைக் கப்பல்களின் உணவாகவும் ஆனது.

மிளகாய் முந்தியது ஏன்?

கப்ரால் பிரேசிலை விட்டு நேரே இந்தியாவை நோக்கி வந்து, 1500 செப்டம்பரில் கோழிக்கோடு சேர்ந்தார். ஆக, மரவள்ளியின் தாயகமும் மலபாரும் ஒரே கடற்பாதையில் இணைந்த ஆண்டு அதுவே. அதே அமெரிக்காவிலிருந்து வந்த மிளகாய், 16ஆம் நூற்றாண்டிலேயே மேற்குக் கரையில் வேரூன்றிவிட்டது. மரவள்ளி மலபாருக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டில் என்பதே பயிர் வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் கொள்ளும் முடிவு. அதன் பிறகும் நெடுங்காலம் அது ஒதுங்கியே இருந்தது.

இந்த வேறுபாட்டுக்குச் செடிகளின் இயல்பு ஒரு காரணம். மிளகாய் விதை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மரவள்ளியை விதை போட்டு வளர்ப்பதில்லை. தண்டை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி நட வேண்டும். உப்புக்காற்றிலும் கப்பல் அறையின் புழுக்கத்திலும் அந்தக் குச்சி நெடுநாள் தாங்காது. இன்னொரு காரணம் சமையல். மிளகாய், மிளகு இருந்த இடத்தில் எளிதாகப் போய் உட்கார்ந்துகொண்டது. நஞ்சை நீக்கும் பக்குவம் தெரிந்தால்தான் கிழங்கு உணவாகும். அரிசியோ கம்போ ராகியோ கையில் இருந்தவர்களுக்கு அந்தப் பக்குவத்தைக் கற்க வேண்டிய தேவை வரவில்லை.

பஞ்சமும் போரும்

தேவை பஞ்சத்தோடு வந்தது. 1876–78 தாதுவருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மோசமாக அடிபட்டது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளையும் உள்ளடக்கியிருந்த அந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் சுமார் 19.7 லட்சம், 1881இல் சுமார் 16 லட்சம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே இருந்த மரவள்ளி அப்போது சேலத்துப் புன்செய்களில் பரவலான பயிராக இல்லை. மலைக்கு மேற்கிலோ, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிடும்படி ஊக்குவித்தார். ஏழைகளின் சோறாகக் கேரளத்தில் மரவள்ளி நிலைபெற்றது அதன் பின்னரே.

அடுத்த திருப்பம் இரண்டாம் உலகப் போர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ஜாவாவும் ஜப்பானிடம் விழ, கீழைக் கடலிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. வணிகத்துக்காகக் கேரளம் போய்வந்துகொண்டிருந்த சேலம் மாணிக்கம் செட்டியார், அங்கு மரவள்ளி மாவின் பயனைக் கண்டார். பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவுக்கு மலாயாவின் ஜவ்வரிசித் தயாரிப்பு முறை தெரிந்திருந்தது. இருவரும் சேர்ந்து 1943இல் தொடங்கியதுதான் சேலத்து ஜவ்வரிசித் தொழில். எந்திரங்களைச் செம்மைப்படுத்தியதில் வெங்கடாசலம் கவுண்டருக்குப் பெரும்பங்கு உண்டு. கிழங்கு மேற்குக் கடல் வழியே கேரளம் வந்து மலையைத் தாண்டியது. தொழில்நுட்பம் கிழக்குக் கடல் வழியே வந்தது. இரண்டும் சேலத்தில் கூடின.

ஆலைக்குள் ஒரு பார்வை

ஆலைக்கு வரும் கிழங்குக்கு எடையோடு மாவுச்சத்தையும் ‘பாயிண்ட்’ கணக்கில் பார்த்து விலை போடுகிறார்கள். தோலுரித்துக் கழுவிய கிழங்கு அரவை எந்திரத்தில் கூழாகிறது. சல்லடையில் பால் தனியாகவும் திப்பி தனியாகவும் பிரிகின்றன. பால் தொட்டியில் தெளிந்து, அடியில் மாவு கட்டியாகப் படிகிறது. அந்த ஈர மாவைக் குலுக்கி உருண்டையாக்கி, சூடான தட்டில் வறுத்து, சிமெண்ட் களத்தில் வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி. திப்பி மாட்டுத்தீவனத்துக்குப் போய்விடும். துருவுதல், சாற்றைப் பிரித்தல், சூட்டில் பக்குவப்படுத்துதல் என்ற வரிசை தாயினோ செய்முறையிலும் இருப்பது கவனிக்கத்தக்கது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு காட்ட வேண்டியதில்லை. ஒரே கிழங்கு, அதைக் கையாள்பவர்களை ஏறத்தாழ ஒரே வழிக்குக் கொண்டுவருகிறது.

1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. திருவனந்தபுரம் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்-226 போன்ற ரகங்கள் குங்குமரோஸ், முள்ளுவாடி ஆகியவற்றோடு இப்பகுதியில் இடம்பிடித்தன. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

தொடரும் கடல்வழி

2020இல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விரைவிலேயே சேலம், நாமக்கல் வயல்களைத் தாக்கியது. அதுவும் தென் அமெரிக்கப் பூச்சிதான். இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்தபோது, அதைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவியை பராகுவேயில் தேடிப் பிடித்து 1981இல் ஆப்பிரிக்காவில் விட்டிருந்தார்கள். அக்குளவி பெனின் நாட்டிலிருந்து பெங்களூருவின் வேளாண் பூச்சி ஆய்வகத்துக்கு வந்து, பெருக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா என மரவள்ளி நூற்றாண்டுக் கணக்கில் கடந்த தொலைவை அதன் பகைவனும் அப்பகைவனின் பகைவனும் சில பத்தாண்டுகளில் கடந்துவிட்டன.

முடிவுரை

பின்சோன் இல்லாவிட்டாலும் சில மாதங்களில் கப்ரால் அந்தக் கரையைக் கண்டிருப்பார், காணவும் செய்தார். கண்டுபிடித்த நாளை மட்டும் வைத்து ஒரு பயிரின் வரலாற்றை எழுத முடியாது என்பதற்கு இதுவே சான்று. எந்தக் கொடியின் கீழ் மரவள்ளி பயணப்பட வேண்டும் என்பதை ஓர் உடன்படிக்கையும், எவ்வளவு மெதுவாக என்பதை அதன் குச்சியும், எப்போது வயலுக்கு இறங்க வேண்டும் என்பதைப் பஞ்சமும் போரும் முடிவு செய்தன. பெற்றுக்கொண்ட ஊரின் பசியையும் சந்தையையும் கணக்கில் எடுத்து எழுதும்போது, ஓமலூர்ப் புன்செய்க் காடும் கடல்வழி வரலாற்றுக்கு உரிய ஆய்வுக்களமாகிறது.