டார்வினும் மாமன் மகளும்



"மகளை அவள் அத்தை மகனுக்கே கொடுக்கலாமா சார்?" என்று பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

சார்லஸ் டார்வின் கட்டியதும் மாமன் மகளைத்தான். பிள்ளைகளுக்குக் கேடு வருமோ என்ற கவலை அவருக்கு இருந்தது. கணிதம் படித்த அவர் மகன் ஜார்ஜ் 1875-இல் அதை எண்ணியே பார்த்தார். ஒரே குடும்பப் பெயருள்ளவர்களின் திருமணங்களை வைத்து, சொந்தத்தில் மணந்தவர்கள் எத்தனை பேர் என்று மதிப்பிட்டார். பிறகு மனநல விடுதிகளில் விசாரித்தார். பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

1902-இல் லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட் நோயிலிருந்து தொடங்கினார். சிறுநீர் கறுத்துப்போகும் அல்காப்டோனூரியா மிக அரிய நோய். அவர் திரட்டிய சில குடும்பங்களில், நோயற்ற பெற்றோரில் நூற்றுக்கு 60 இணைகள் அத்தை, மாமன், சித்தப்பா, சித்தி வழிப் பிள்ளைகள். நாட்டில் அத்தகைய திருமணமோ நூற்றுக்கு 3-ஐத் தாண்டாது என்பது அன்றைய மதிப்பு. மெண்டலின் ஒடுங்கு பண்பு இது என்று விளக்கம் தந்தவர் பேட்சன். தாத்தாவிடம் மறைந்திருந்த ஒரு குறை, இரு வழியாகவும் ஒரே பேரப்பிள்ளையிடம் வந்து சேர்கிறது.

குறிப்பிட்ட ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் இப்படி ஒரே முன்னோரிடமிருந்து வரும் வாய்ப்பு, மாமன் மகளைக் கட்டினால் 16-இல் 1. அக்காள் மகளைக் கட்டினால் 8-இல் 1.

பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். அதனால் "கூடாது" என்று நான் சொல்லவில்லை. "காரணம் தெரியாமல் தவறிய குழந்தை நம் குடும்பத்தில் உண்டா என்று பெரியவர்களைக் கேள். மரபியல் மருத்துவரையும் பார். அப்புறம் தேதி குறி" என்றேன்.

உங்களுக்கும் அதையேதான் சொல்வேன்.