பயனில்லாத எண்ணா?

பன்னிரண்டு ரப்பர் கொட்டைகளைக் கொடுத்துச் சம வரிசைகளாக அடுக்கச் சொன்னால் நம் பிள்ளைகள் உடனே அடுக்கிவிடுவார்கள். நான்கு நான்காக மூன்று வரிசை வரும். ஆறு ஆறாக இரண்டு வரிசையும் வரும். ஆனால் பதின்மூன்று கொட்டைகளைக் கொடுத்தால் ஒரே நீள வரிசையாகத்தான் வைக்க முடியும். இப்படி ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்ணைப் பகா எண் என்கிறோம்.

இனி ஒரு பெரிய எண்ணைப் பார்ப்போம். முப்பத்தொரு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் 2,147,483,647 கிடைக்கும். இது பகா எண் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644ஆம் ஆண்டில் எழுதினார். ஆனால் அதற்கு அவர் நிரூபணம் தரவில்லை.

1772ஆம் ஆண்டில் அதை நிரூபித்தவர் ஆய்லர். அப்போது அவர் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்தார். கண்பார்வையைப் பெரும்பாலும் இழந்திருந்தார். ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கமானால், அவற்றுள் ஒன்று அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. ஆகவே இந்த எண்ணுக்கு 46,340 வரை சோதித்தால் போதும். அதற்குள்ளும் ஏறக்குறைய 4,800 பகா எண்கள் உள்ளன. ஆய்லர் இன்னும் ஆழ்ந்து சிந்தித்தார். இதை வகுக்கும் பகா எண் ஏதேனும் இருந்தால், அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்கும் என்று கண்டார். அதனால் சோதிக்க வேண்டியவை நூற்றுக்கும் குறைந்தன. அவற்றுள் எதுவும் வகுக்கவில்லை.

1811ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கணித அறிஞர் பார்லோ, இந்தப் பகா எண்ணிலிருந்து பிறக்கும் ஒரு பெரிய எண்ணைப் பற்றி எழுதினார். இத்தகைய எண்கள் வியப்புக்கு உரியவையே அன்றிப் பயன் அற்றவை. ஆகவே இதற்கு மேல் எவரும் தேடப் போவதில்லை என்பது அவர் கருத்து.

அவர் சொன்னது பலிக்கவில்லை. 1876ஆம் ஆண்டில் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர், கையால் கணக்கிட்டே 39 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணைக் கண்டார். 2024ஆம் ஆண்டில் கணினிகளின் துணையோடு கண்டறியப்பட்ட ஒரு பகா எண்ணுக்கோ நான்கு கோடிக்கு மேல் இலக்கங்கள்.

பயன் இல்லை என்றாரே, அதுவும் பொய்த்தது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. விடையை மட்டும் கொடுத்து, பெருக்கிய எண்களைக் கண்டுபிடிக்கச் சொன்னால் மிகக் கடினம். இதை அடிப்படையாகக் கொண்டு, 1977ஆம் ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர் செய்திகளை மறைத்து அனுப்பும் முறையை வகுத்தனர். வங்கிச் செய்திகளைக் காக்கவும் அம்முறை பயன்பட்டது.

பெற்றோர்களே, விளக்கடியில் கணக்குப் போடும் பிள்ளையைப் பார்த்து, "தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. பெரிய அறிஞரான பார்லோவே பயனைக் கணிப்பதில் தவறினார். எந்தக் கல்வி எப்போது பயன்படும் என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்ல நாம் யார்? பிள்ளை கணக்கை முடிக்கட்டும். நாம் விளக்கைச் சற்று அருகில் நகர்த்தி வைப்போம்.