குறியீடு காட்டாத எஞ்சின் பழுதுகள்

எஞ்சின் குலுங்கும், பிக்-அப் குறையும், ஓட்டத்தில் அணைந்தும் போகும். ஆனால் ஸ்கேனரைப் பொருத்தினால் பழுதுக் குறியீடு எதுவும் வராது. இவ்வகைப் பழுதுகளைக் கண்டறிவது மெக்கானிக் தொழிலின் கடினமான பகுதி.

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி மௌனமாக இருப்பதற்கான காரணம் அது உருவான வரலாற்றில் உள்ளது. 1981 மாடல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் விரிவாகப் பொருத்திய கட்டுப்பாட்டுக் கணினி, 'செக் எஞ்சின்' விளக்கை மினுக்கிப் பழுதை அறிவித்தது. எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி, சோதனை முனைகள் இரண்டை ஒரு கம்பியால் இணைத்தால் விளக்கு ஒருமுறை மினுங்கி, சற்று நின்று, இருமுறை மினுங்கும். அது 12 என்ற எண். சோதனை அமைப்பு வேலை செய்கிறது என்று பொருள். கலிபோர்னியா 1988 மாடல் முதல் இத்தகைய கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது, அதன் அடுத்த கட்டமான ஓ.பி.டி.-2 அமெரிக்கா முழுவதும் 1996 மாடலிலும் இந்தியாவில் 2013 ஏப்ரலிலும் கட்டாயமானது. எல்லாவற்றுக்கும் நோக்கம் புகை மாசுக் கட்டுப்பாடே. பல பழுதுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் விளக்கு எரியும். ஓட்டுபவர் உணரும் குலுக்கலுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

ஆகவே எஞ்சின் காற்றை உறிஞ்சும் வெற்றிடத்தை அளக்கும் பழைய வேக்கம் கேஜே இன்றும் சிறந்த தொடக்கம். கடல்மட்டத்தில், ஐடிலில் ஓடும் நல்ல பெட்ரோல் எஞ்சினில் முள் 17 முதல் 21 பாதரச அங்குலத்துக்குள் அசையாமல் நிற்கும். 1,000 அடி உயரத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் குறையும். முள் சீரான இடைவெளியில் சட்டென விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக அமரவில்லை. எஞ்சின் வேகத்தை ஏற்றிப் பிடிக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் சைலன்சர் பாதையில் அடைப்பு. டீசலுக்கு இம்முறை உதவாது.

ஸ்கேனரில் குறியீடு இல்லாவிட்டாலும் எண்கள் உண்டு. இரவெல்லாம் நின்ற காரில் கூலன்ட் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாயிருக்க வேண்டும். காற்று 28 டிகிரி, கூலன்ட் 12 டிகிரி என்று காட்டினால், கணினி அந்த 12-ஐ நம்பித் தேவைக்கு மேல் பெட்ரோலைப் பீய்ச்சும். 12 நடக்கக்கூடிய எண் என்பதால் பெரும்பாலும் சந்தேகப்படாது. கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் திருத்த அளவும் அப்படியே: ஐடிலில் கூடி, வேகத்தில் குறைந்தால் காற்றுக் கசிவு, வேகத்தில் கூடினால் பம்ப் அழுத்தக் குறைவு அல்லது அழுக்கேறிய காற்றளவு சென்சார். இவற்றைப் பாராமல் உதிரிபாகத்தை மாற்றிப் பார்ப்பது கண்டறிதலே ஆகாது.