அவள் சம்பளம் யார் கணக்கில்?

நூம்பலில் நான் இருக்கும் தெருவிலிருந்து காலையில் கணவனும் மனைவியும் ஒரே வண்டியில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குக் கிளம்புவதைப் பார்க்கலாம். லேத் பட்டறை அவர் பெயரில். பில் போடுவது, ஆட்களுக்குச் சம்பளம் கொடுப்பது, பாக்கியைக் கேட்டு வாங்குவது எல்லாம் அவள். அவளுக்கு மாதச் சம்பளம் என்று எழுதினால் வருமான வரிச் சட்டம் அதைக் கணவன் வருமானத்தோடு சேர்த்துவிடும். தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதிக்காகவே கிடைத்த சம்பளம் என்றால்தான் விலக்கு. பட்டம் இல்லாவிட்டாலும் அனுபவ அறிவு போதும் என்று ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. ஆனால் நிரூபிக்கும் பாடு குடும்பத்துடையது. எதற்கு வம்பு என்று சம்பளமே எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு அவள் தன் பெயரில் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் காட்டுவதற்கு வருமானம் என்று ஒன்றுமே இருக்காது.

இதன் வேர் 1937-இல் இருக்கிறது. 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்போதுதான் 16(3) என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள். மனைவியைப் பெயருக்குப் பங்குதாரராக்கி, சொத்தை அவள் பெயருக்கு மாற்றி, வரியைக் குறைத்துக்கொண்ட ஆண்கள் இருந்தது உண்மைதான். ஆனால் பெயரைக் கொடுத்தவளையும் உழைத்தவளையும் சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை. அது மனைவியை எப்படிக் கண்டது என்பது சோத்ரா தேவி வழக்கில் தெரிகிறது. கணவனை இழந்த அவருடைய வருமானத்தோடு மைனர் மகன்களின் பங்கைச் சேர்க்க வரித்துறை முயன்றது. இந்தப் பிரிவில் 'தனிநபர்' என்றால் ஆண் மட்டுமே என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது. அவர் வென்றார், வென்றது, சட்டம் பெண்ணை நினைத்தே பார்க்கவில்லை என்பதால்!

1961-ஆம் ஆண்டுச் சட்டம் 'வாழ்க்கைத்துணை' என்ற பொதுச்சொல்லுக்கு வந்தது. சொல் பொதுவானாலும் பட்டறை யார் பெயரில் இருக்கிறது? 1971-இல் வாஞ்சூ குழு இன்னும் ஒரு படி மேலே போய், கணவன் மனைவி வருமானம் முழுவதையுமே ஒன்றாக்கச் சொன்னது. நல்லவேளை, அது சட்டமாகவில்லை. ஆகியிருந்தால், வேலைக்குப் போகும் மனைவியின் முதல் ரூபாய்க்கே கணவனின் உச்ச விகிதத்தில் வரி விழுந்திருக்கும். பிரிட்டனில் 1990 வரை மனைவியின் வருமானம் கணவனுடையதாகத்தான் எண்ணப்பட்டது.

இடையில் சலுகைகளும் வந்தன. 2005-இல் பெண்களுக்கு வரிவிலக்கு வரம்பு 1,35,000 ரூபாய், ஆண்களுக்கு 1,00,000. 2011-இல் அந்த வித்தியாசம் 10,000 ரூபாயாகச் சுருங்கியது. 2012-இல் அதுவும் போனது. சலுகை கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் சேர்ப்பு விதியைத் தொடவில்லை.

2025-இல், ஒரு பெண் நிதியமைச்சர் முன்வைத்த புதிய வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. மொழியை எளிமையாக்கி, பழைய பிரிவுகளை நிறையக் குறைத்திருக்கிறார்கள். மனைவியின் சம்பளத்தைச் சேர்க்கும் விதி மட்டும் வேறு எண்ணோடு அதிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது.