ரேஸ் ரெக்கார்டு: ஒரு பெயரின் வரலாறு

ரேஸ் ரெக்கார்டு என்பது 1920களிலிருந்து 1940களின் இறுதிவரை, கறுப்பின மக்களுக்கு விற்பதற்கென்றே அமெரிக்க நிறுவனங்கள் வெளியிட்ட இசைத்தட்டுகளைக் குறித்த வணிகப் பெயர். தமிழில் ‘இன இசைத்தட்டு’ எனலாம்.

கறுப்பின மக்கள் இசைத்தட்டு வாங்க மாட்டார்கள் என்றே நிறுவனங்கள் அதுவரை எண்ணியிருந்தன. 1920 ஆகஸ்டில் நியூயார்க்கில் ஓகே நிறுவனத்திற்காக மேமி ஸ்மித் பாடிய ‘கிரேஸி புளூஸ்’ அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. அவருக்கு வாய்ப்புக் கேட்டு நிறுவனங்களின் படியேறியவர் பாடலை எழுதிய பெர்ரி பிராட்ஃபோர்டு. தட்டு அமோகமாக விற்கவே மற்றவர்களும் களமிறங்கினர். 1923இல் கொலம்பியா பெஸ்ஸி ஸ்மித்தைப் பதிவு செய்தது. புளூஸ் தட்டுகளுக்குப் பெயர்பெற்ற பாரமவுண்டோ விஸ்கான்சினில் நாற்காலி செய்யும் ஒரு நிறுவனத்தின் கிளை.

இன்று காதில் உறுத்தும் இந்தப் பெயர் அன்று வசையாகக் கருதப்படவில்லை. ‘சிகாகோ டிஃபெண்டர்’ போன்ற கறுப்பின இதழ்கள் தம் மக்களைப் பெருமையுடன் ‘ரேஸ்’ என்றே எழுதின. சமூகத்திற்காக உழைப்பவர் ‘ரேஸ் மேன்’ எனப்பட்டார். நிறுவனங்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு அதே இதழ்களில் விளம்பரம் செய்தன. இதழில் ‘நாம்’ என்று பொருள்பட்ட சொல் விற்பனைப் பட்டியலில் ‘அவர்கள்’ என்றானது. கொலம்பியா கறுப்பினத்தவருக்கு 14000 வரிசை எண்களையும், தென்மாநில வெள்ளையரின் நாட்டுப்புற இசைக்கு 15000 வரிசையையும் ஒதுக்கியது.

இசைக் கலைஞர்களிடையே இந்த வேலி அவ்வளவு உறுதியாக இருக்கவில்லை. 1930இல் வெள்ளையரான ஜிம்மி ராட்ஜர்ஸ் பாடிய ‘புளூ யோடல் எண் 9’ பாடலுக்கு டிரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். தட்டில் அவர் பெயர் அச்சிடப்படவில்லை.

‘பில்போர்டு’ இதழ் 1942இல் கறுப்பின இசைக்கு ‘ஹார்லெம் ஹிட் பரேடு’ என்ற தனிப்பட்டியலைத் தொடங்கி, 1945இல் அதை ‘ரேஸ்’ பட்டியலாக்கியது. போருக்குப்பின் அந்தச் சொல் சங்கடம் தந்தது. 1949 ஜூனில் அங்கு பணியாற்றிய ஜெரி வெக்ஸ்லர் முன்மொழிந்த ‘ரிதம் அண்ட் புளூஸ்’ அதன் இடத்திற்கு வந்தது. பெயர்தான் மாறியது, பட்டியல் தனியாகவே நீடித்தது. அதன் விலையைக் கலைஞர்களே கொடுத்தனர். லிட்டில் ரிச்சர்டு 1955இல் வெளியிட்ட ‘டூட்டி ஃப்ரூட்டி’யை அடுத்த ஆண்டு பேட் பூன் மென்மையாக்கிப் பாட, பொதுப்பட்டியலில் மூலத்தைவிட நகலே மேலே ஏறியது.

அதே பட்டியல் 1969இல் ‘சோல்’ எனவும், 1982இல் ‘பிளாக்’ எனவும், 1990இல் மீண்டும் ‘ஆர் அண்ட் பி’ எனவும் பெயர் மாறியது. மறுபக்கத்து வேலியும் மறைந்துவிடவில்லை. 2019 மார்ச்சில் கறுப்பினக் கலைஞரான லில் நாஸ் எக்ஸின் ‘ஓல்டு டவுன் ரோடு’ பாடலை, கன்ட்ரி இசையின் கூறுகள் போதுமான அளவு இல்லை எனக் கூறி, பில்போர்டு அதன் கன்ட்ரி பட்டியலிலிருந்து நீக்கியது. அப்பாடல் பொதுப்பட்டியலில் 19 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.