ஷரஃபியாவில் ஒரு வெள்ளணி நாள்

ஜித்தாவில் சில காலமாவது உழைத்த தமிழருக்கு ஷரஃபியா எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. சவூதியில் வார விடுமுறை வியாழனும் வெள்ளியுமாக இருந்த காலம் அது. 2013இல்தான் அது வெள்ளி, சனியாக மாறியது. வியாழன் பொழுது சாய்ந்தால் நகரின் நாலா பக்கத்து முகாம்களிலிருந்தும் ஆட்கள் ஷரஃபியாவில் வந்து இறங்குவார்கள். ஊருக்குக் காசு அனுப்புவதற்கு, பாட்டுக் கசெற் வாங்குவதற்கு, ஊரிலிருந்து கடிதம் கொண்டுவந்தவனைத் தேடிப் பிடிப்பதற்கு, மலையாளியின் கடையில் மீன்குழம்போடு சோறு சாப்பிடுவதற்கு என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும். ஒன்றுமில்லாதவன் தமிழ் கேட்க வருவான்.

1997இல் அப்படியொரு வியாழன் இரவு, அங்கே மூன்றாம் மாடி அறையொன்றில் நாங்கள் எட்டுப்பேர் கூடி ஒரு பிறந்தநாள் கொண்டாடினோம். பிறந்தநாள்காரர் ஐம்பது வயது மனிதர். இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி இரண்டு வருடங்களாகியிருந்தன. அந்த ஓர் இரவைப் பற்றி எழுதப்போனால் ஒரு நகரத்தின் கதையும் ஓர் இயந்திரத்தின் கதையும் நமது பழைய வழக்கங்கள் சிலவும் கூடவே வருகின்றன.

ஜித்தா ஹஜ் யாத்திரிகரின் துறைமுகம். மதிலால் சூழப்பட்டிருந்த அந்தப் பழைய பட்டினத்தின் மதில் 1947இல் இடிக்கப்பட்டது. அதன்பின் நகரம் வடக்கே பரவியபோது எழுந்த பகுதிகளில் ஒன்று ஷரஃபியா. 1973இல் எண்ணெய் விலை ஏறியது. துறைமுகமும் வீதியும் மாடியும் கட்ட ஆள் தேவைப்பட்டது. கேரளத்தாரும், கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கரையோர ஊர்களின் தமிழ் முஸ்லிம்களும், பிறகு இலங்கையரும் வந்து சேர்ந்தனர். 1983க்குப் பிறகு வந்த எம்மவரிற் பலருக்கு இது உழைக்கும் இடம் மட்டுமல்ல, ஒதுங்கும் இடமுமாகும். ஆனால் வளைகுடா எவருக்கும் அகதி அந்தஸ்துக் கொடுக்கவில்லை. வேலை உள்ளவரை இக்காமா எனப்படும் வதிவிட அட்டை. இக்காமா உள்ளவரை நாம்.

எங்கள் நண்பரை எல்லோரும் மாஸ்டர் என்றே அழைப்போம். வடமராட்சியில் கணக்குப் படிப்பித்தவர். ஜித்தாவில் வாகன உதிரிப்பாகக் களஞ்சியமொன்றில் ஸ்ரோர்கீப்பர். கிழமையில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணித்தியாலம், டயலிசிஸ் இயந்திரத்தோடு கிடந்து எழும்புவார். ஊருக்குப் போய்விடலாமே என்று சொல்வது இலகு. ஏ9 வீதி மூடிக்கிடந்தது. 2002இல்தான் அது திறக்கப்பட்டது. வேலையை விட்டால் இக்காமா போகும், இக்காமா போனால் இயந்திரமும் போகும். ஆகவே அவர் பாதி நாள் களஞ்சியத்திலும் பாதி நாள் ஆஸ்பத்திரியிலுமாக இருந்தார்.

அவருக்கு மூன்று பிறந்தநாட்கள் இருந்தன. ஒன்று பாஸ்போட்டில் உள்ள திகதி. மற்றது அவருடைய தாய் ஊரில் கோயிலில் அர்ச்சனை செய்விக்கும் நட்சத்திரம். மூன்றாவது ஹிஜ்ரிக் கணக்கு. சந்திரனைக் கொண்டு எண்ணும் ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 நாள், சில ஆண்டுகளில் 355. சவூதி அரசாங்கமே தனது ஊழியருக்கு 2016 வரை அந்த மாதக் கணக்கில்தான் சம்பளம் கொடுத்து வந்தது. மாஸ்டர் ஒரு சிகரெட் பெட்டியின் மட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினார்: "இங்கிலீஷ் கணக்கில எனக்கு ஐம்பது. அரபிக் கணக்கில ஐம்பத்தொன்றரை. பாத்தியளே, சும்மா இருக்க ஒன்றரை வருஷம் கூட வாழ்ந்திருக்கிறன்."

கொண்டாடலாமா கூடாதா என்பதில் அறைக்குள் இரண்டு கிழமை வாக்குவாதம். "வருத்தக்காரனுக்கு விழா எடுத்து நாவூறு படுத்துறதே?" என்றான் ஒருவன். மற்ற எதிர்ப்பு நானாவினுடையது. நானா யாழ்ப்பாணம் சோனகதெருவைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவருடைய குடும்பமும் உடுத்த துணியோடு புத்தளத்துக்குப் போனது. அதைப்பற்றி அவர் எங்களோடு பேசமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம். பேசாமல் இருந்ததே எங்களுக்கிடையில் ஒரு சுவராக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். பிறந்தநாள் கொண்டாடுவது தங்கள் வழக்கத்தில் இல்லை என்று நானா சொன்னார். ஜித்தாவில் ஆதித்தாய் ஹவ்வாவின் அடக்கத்தலம் என்று காலங்காலமாகச் சொல்லப்படும் இடமொன்று உண்டு. "எங்கட உம்மா ஹவ்வாவுக்கே பிறந்தநாள் இல்லை. இந்த ஊரிலதானே கிடக்கிறா, போய்க் கேளுங்கோ" என்று சிரித்தார்.

கேக்கும் மெழுகுதிரியும் வெள்ளைக்காரன் தந்தவை என்பது சரி. பிறந்தநாள் அவன் தந்ததல்ல. அரசன் தான் பிறந்த நாளில் பகையும் சினமும் நீக்கி நிற்பதைத் தொல்காப்பியம் பெருமங்கலம் என்கிறது. அந்நாளில் அரசன் வெள்ளை உடுப்பதால் அதற்கு வெள்ளணி என்றும் பெயர். இராசராச சோழனின் சதய விழா இன்றும் தஞ்சையில் நடக்கிறது. பிறந்தநாளும் சாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இடம் ஒன்றும் நமக்கு உண்டு. அது திருக்கடையூர். பதினாறு வயதோடு ஆயுள் முடியும் என்று விதிக்கப்பட்ட மார்க்கண்டேயனைப் பிடிக்க வந்த காலனைச் சிவன் உதைத்த தலம் அதுவென்பது ஐதீகம். அதனாலேயே அறுபதாண்டுச் சக்கரம் ஒரு முறை சுற்றி முடிந்தவர்கள் அங்கே போய் அறுபதாம் கலியாணம் செய்கிறார்கள். எண்பதில் சதாபிஷேகம். சாவைக் கண்டு பயந்து பிறந்தநாளை ஒளித்து வைப்பது நமது முன்னோர் வழக்கமல்ல. பயம் இருந்தபடியால்தான் விழா எடுத்தார்கள்.

இதையெல்லாம் சொன்னவர் மாஸ்டர்தான். கடைசியில் இப்படி முடித்தார்: "அறுபதுக்கு இருப்பனோ தெரியாது. அந்தக் கணக்கை ஐம்பதிலயே முடிச்சு விடுவம்." அதற்குப் பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை.

இந்த வருத்தத்தோடு ஒருவன் பிறந்தநாள் காண்பது மனித சரித்திரத்தில் மிகப் புதிய விஷயம். நாஜிகளின் பிடியில் இருந்த ஒல்லாந்தில் வில்லெம் கொல்ஃப் என்ற டொக்டர் 1943இல் தனது முதலாவது டயலிசிஸ் இயந்திரத்தை நோயாளிக்குப் பயன்படுத்தினார். இறைச்சி அடைத்து சொசேஜ் செய்யும் செலோபேன் குழாய்தான் அதில் இரத்தத்தை வடித்தது. 1945இல்தான் அதனால் ஓர் உயிர் முதன்முதலாகப் பிழைத்தது. அதுவும் சில நாள் தாங்க வைக்கும் வைத்தியமாகவே இருந்தது. 1960இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் கையில் நிரந்தரமாகப் பொருத்தும் குழாயொன்றைக் கண்டுபிடித்த பின்னரே, சிறுநீரகம் செத்தவன் வருடக்கணக்கில் வாழ்வது சாத்தியமாயிற்று. அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் பதினொரு ஆண்டுகள் இருந்தார். போருக்குள் ஒருவர் செய்த இயந்திரம், வேறொரு போருக்கு ஒதுங்கிய மாஸ்டரைச் செங்கடற் கரையில் வைத்திருந்தது.

இயந்திரம் இல்லாத காலத்து நோயாளி ஒருவரை மாஸ்டர் அடிக்கடி நினைவுகூர்வார். கணக்கு வாத்தியார் அல்லவா, அவருக்கு இராமாநுஜன்தான் குலதெய்வம். 1887 டிசெம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்த இராமாநுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் போனார். மரக்கறி மட்டும் உண்பவர், தன் அறையில் தானே சமைத்துக்கொண்டவர். போர்க்காலத்து இங்கிலாந்தில் அந்தச் சாப்பாட்டுக்கும் தட்டுப்பாடு. ஒருமுறை தன் அறைக்கு விருந்துக்கு அழைத்த நண்பர்கள் இரசத்தை மூன்றாந்தரம் வேண்டாம் என்றபோது மனம் நொந்து சொல்லாமற் கொள்ளாமல் ஒக்ஸ்போட்டுக்குப் போய்விட்டாராம். பரதேசத்தில் தன் சமையலை ஒருவன் எவ்வளவு பெரிதாக நினைக்கிறான் என்பது நமக்கு விளங்கும்.

1917இல் அவர் படுக்கையில் விழுந்தார். முப்பது வயது நிறைந்ததும் அந்த ஆண்டில்தான். அதன்பின் ஆஸ்பத்திரிகளும் சானற்றோரியங்களும். 1918 ஜூனில் மாட்லொக் சானற்றோரியத்துக்கு இராமலிங்கம் என்ற எஞ்சினியர் நண்பர் பார்க்கப் போனார். திரும்பி வந்து பேராசிரியர் ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதில் பெரும்பகுதி நோயாளி என்ன சாப்பிடுகிறார், என்ன சாப்பிட மறுக்கிறார் என்பதே. ஹார்டி பார்க்கப் போன கதை எல்லோருக்கும் தெரியும். தான் வந்த ரக்ஸியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண் என்றார் ஹார்டி. இல்லை, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்றார் படுத்திருந்தவர். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும், அல்லது ஒன்பதின் கனமும் பத்தின் கனமும். "ஹார்டி தோடம்பழம் கொண்டுபோகேல்லை. ஒரு இலக்கம் கொண்டு போனார்" என்பார் மாஸ்டர்.

இராமாநுஜன் 1919இல் ஊர் திரும்பினார். அந்த டிசெம்பரில் 32 வயது நிறைந்தது. சரியாக மூன்று கிழமை கழித்து, 1920 ஜனவரி 12இல், தான் புதிதாகக் கண்ட சார்புகளைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26இல் இறந்தார். அக்காலத்து டொக்டர்கள் சயரோகம் என்றார்கள். அது ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம், அன்றே அதற்கு மருந்தும் இருந்தது என்று 1994இல் டி. ஏ. பி. யங் என்ற ஆய்வாளர் வாதிட்டார்.

அந்த வியாழன் பிற்பகல் அறைக் கதவைத் திறந்தபோது அடுப்படியில் நின்றவர் நானா. நாங்கள் திகைத்தோம். "பிறந்தநாளுக்கு வரேல்லை. வருத்தக்காரரைப் பாக்கிறது எங்கட மார்க்கத்தில கடமை. அதுக்கு வந்தனான்" என்றார்.

சிறுநீரக நோயாளிக்குச் சமைப்பது தனி வித்தை. பொட்டாசியம் கூடினால் இதயம் நின்றுவிடலாம். ஆகவே பேரீச்சம்பழ நாட்டில் அவருக்குப் பேரீச்சம்பழம் இல்லை. வாழைப்பழம் இல்லை, இளநீர் இல்லை, தக்காளி இல்லை. உருளைக்கிழங்கைச் சிறிதாக வெட்டி, ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். உப்பு பேருக்கு மட்டும். சோடாவும் பாயசமும் தண்ணீர்க் கணக்கில் சேரும். நானா இதையெல்லாம் ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தியிடம் கேட்டுத் துண்டொன்றில் எழுதி வைத்திருந்தார். கோழியை மிளகும் உள்ளியும் போட்டு உப்பில்லாமற் சமைத்திருந்தார். எட்டுப்பேருக்கும் அதே சமையல்தான். மாஸ்டருக்கு வேறு, எங்களுக்கு வேறு என்று இரண்டு சட்டி வைக்கவில்லை.

இஷாத் தொழுகை முடிந்து நானா வந்ததும் கேக்கில் ஒற்றை மெழுகுதிரி கொளுத்தினோம். மாஸ்டர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். வெள்ளணி என்றார். கேக் வெட்டும்போது நானா யன்னலடியில் நின்றுகொண்டு வீதியைப் பார்த்தார். வெட்டி முடிந்ததும் வந்து மாஸ்டருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். சாப்பாட்டுக்கிடையில் மாஸ்டர் கேட்டார்: "நானா, புத்தளத்தில பிள்ளையள் எந்த வகுப்பு?" ஏழு வருடத்தில் எங்களிற் கேட்ட முதல் ஆள் அவர்தான். நானா சொல்லத் தொடங்கினார். விடிய ஒரு மணிவரை சொன்னார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மாஸ்டர் 1999இல் இறந்தார். இங்கிலீஷ் கணக்கில் ஐம்பத்திரண்டு. நாங்கள் ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் என்று சிதறிப்போனோம். நானா புத்தளத்தில் இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் அந்தத் திகதியில் அவர் எங்களிற் யாருக்காவது ரெலிபோன் எடுப்பார். பிறந்தநாள் என்ற சொல் அவர் வாயில் வராது. என்ன சமைத்தீர்கள், உப்புப் போட்டதா என்று மட்டும் கேட்பார்.